டார்க்குக்கு (இன்ஜின் இழுவைக்கு) சைலன்சர் பைப் எத்தனை இன்ச்? காரைக்குடி வட்டாரப் பட்டறைக்காரர்களின் அனுபவங்கள்

காரைக்குடி:
1.2 லிட்டர் பெட்ரோல் வண்டிக்கு ரெண்டரை இன்ச் பைப் போட்டுவிட்டு, "ரெண்டாம் கியர்ல இழுக்கவே மாட்டேங்குது" என்று பட்டறைக்கு வருகிறவர்கள் அதிகம். கணக்கு போட்டாலே காரணம் தெரியும். பட்டறையில் இன்ச் என்பது வெளிவிட்டம்; புகை ஓடுவது உள்விட்டத்தில். 1.6 மிமீ தகட்டில் ஒன்றே முக்கால் இன்ச் பைப்பின் உள்பரப்பு 13.4 சதுர செமீ, ரெண்டரை இன்ச்சுக்கு 28.6. பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடினால் புகையின் வேகம் பாதி அளவுக்கும் கீழே இறங்கிவிடும். 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் சின்ன பைப்பில் விநாடிக்கு 30 மீட்டர் அளவில் ஓடும் புகை, பெரியதில் 14 மீட்டர்தான் ஓடும்.

பட்டறைக் கணக்கில் ஒரே பைப் தாங்கும் பவர்: ஒன்றரை இன்ச் சுமார் 78 எச்பி, ஒன்றே முக்கால் 108, ரெண்டு 144, ரெண்டே கால் 185, ரெண்டரை 232. 83 எச்பி வண்டிக்கு ஒன்றே முக்காலே தாராளம். தேவகோட்டை, திருப்பத்தூர் என்று நாலு பேரோடும் சாமானோடும் 1500–3000 ஆர்பிஎம்மில் ஓடும் வண்டிக்கு அதற்கு மேல் பைப் வீண் எடை. வேகத்தடையில் இடிக்கவும் செய்யும்.

தேவகோட்டை:
காரைக்குடி அண்ணன் சொன்ன அளவு சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு "பேக் பிரஷர் (புகையை எதிர்த்துத் தடுக்கும் அழுத்தம்) இருந்தால்தான் டார்க்" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடைப்பு எந்த இன்ஜினுக்கும் நல்லது செய்யாது. வேண்டியது புகையின் வேகமும் பிரஷர் அலை திரும்பி வரும் நேரமும்தான். இந்த இரண்டும் பெரிதாக வேலை செய்வது இன்ஜின் ஹெட்டிலிருந்து கலெக்டர் (சிலிண்டர் பைப்புகள் ஒன்று சேரும் இடம்) வரைக்கும். கேட்டலிட்டிக்குக்கு (புகையைச் சுத்தம் செய்யும் டப்பா) பின்னால் பைப் மாற்றி டார்க் தேடினால் கிடைப்பது சொற்பம்.

மேனிஃபோல்டு (ஹெட்டிலிருந்து புகையை எடுத்துவரும் பைப் கூட்டம்) புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு சூத்திரம். எக்சாஸ்ட் வால்வு, பிஸ்டன் கீழ்முனைக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பே திறக்கிறதோ அதோடு 180 கூட்டி, 850-ஆல் பெருக்கி, டார்க் வேண்டிய ஆர்பிஎம்மால் வகுத்து, 3 கழித்தால் ஒவ்வொரு சிலிண்டர் பைப்பின் நீளம் இன்ச்சில் வரும். 50 டிகிரி, 4500 ஆர்பிஎம் என்றால் 40 இன்ச். சிலிண்டருக்கு 300 சிசி இருந்தால் உள்விட்டம் 28 மிமீ போதும். 40 இன்ச்சுக்கு பானட்டுக்குள் இடம் இராது; கிடைக்கும் இடத்துக்குள் கட்ட 4-2-1 அமைப்புதான் (நாலு பைப் ரெண்டாகி, பிறகு ஒன்றாவது) வழி. 1-3-4-2 ஃபயரிங் ஆர்டரில் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் ஜோடி சேர்க்கணும். ஜோடி மாறினால் செய்த வேலை அத்தனையும் பாழ்.

புதுவயல்:
ஹார்டுவேர் கடை ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) வாங்கி வந்து வைப்பது இங்கே பெரிய தொல்லை. அங்கே "ஒன்றரை இன்ச்" என்பது பெயரளவு, வெளிவிட்டம் 48.3 மிமீ, உள்விட்டம் 42 மிமீ. அதாவது சைலன்சர் பைப்பில் ஒன்றே முக்காலுக்குச் சமம். மீட்டருக்கு மூன்றரை கிலோ வேறு; சைலன்சர் பைப் அதில் பாதிதான் இருக்கும். வெல்டிங் வைக்கும்போது துத்தநாகப் புகை கிளம்பும், காய்ச்சல் வந்துவிடும். வேண்டவே வேண்டாம்.

வளைவை அமுக்கி வளைத்தால் அந்த இடத்தில் பைப் சப்பையாகி உள்பரப்பு குறையும். ரெண்டு இன்ச் போட்டும் ஒன்றே முக்கால் போலத்தான் ஓடும். மாண்ட்ரல் பெண்டு (உள்ளே தாங்கு கொடுத்து, சப்பையாகாமல் வளைத்தது) கிடைக்கவில்லையா, காய்ந்த மணலை இறுக அடைத்து சூடாக்கி வளைக்கலாம். மணலில் ஈரம் இருந்தால் நீராவி அழுத்தத்தில் அடைப்பு தெறிக்கும், கவனம். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 308எல் வெல்டிங் கம்பி. 304-ஐ சாதா இரும்போடு சேர்த்தால் 309எல். இரண்டரை மீட்டர் 304 பைப் 300 டிகிரி சூடேறினால் 12 மிமீக்கு மேல் நீளும். ஃபிளெக்ஸ் பைப்பும் (வளைந்து கொடுக்கும் துண்டு) ரப்பர் ஹேங்கரும் இல்லாவிட்டால் ஒட்டு விட்டுப்போகும்.

கானாடுகாத்தான்:
வீட்டு முகப்பில் நிற்கும் அம்பாசிடர், பத்மினிக்கு ஒன்றரை இன்ச்சே போதும். பைப்பை அடைப்பில்லாமல் திறந்துவிட்டால் கார்புரேட்டரில் பெட்ரோல் கலவை குறைந்துபோகும். மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் ஓட்டை) ஓர் அளவு ஏற்றி, பிளக் நிறம் பார்க்கணும். பிளக் வெளுத்திருந்தால் இன்னும் பெட்ரோல் போதவில்லை. லேசான காபி நிறம் வந்தால் விட்டுவிடலாம்.

காரைக்குடி:
தம்பிமார்களே, பைப்பை அறுப்பதற்கு முன்னால் முதல் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் (பெரும்பாலும் எம்18) பிரஷர் கேஜ் மாட்டுங்கள். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ தாண்டினால் கேட்டலிட்டிக்கோ சைலன்சரோ அடைத்திருக்கிறது. பைப் அளவின் மேல் பழி போடாதீர்கள். சென்சாருக்கு முன்னால் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோல் குறைவு என்று ஈசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) தப்பாக எண்ணி கூடுதலாக ஊற்றும். மைலேஜும் போகும், இழுவையும் போகும்.

டர்போ டீசலுக்கு இந்தக் கதை பொருந்தாது. டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சீக்கிரம் டர்போ சுற்றும், அதனால் அங்கே ஒரு சுற்றுப் பெரிய பைப் நல்லதே. பிஎஸ்6 வண்டியில் டிபிஎஃப் (டீசல் கரியைப் பிடிக்கும் வடிகட்டி), கேட்டலிட்டிக் இரண்டிலும் கை வைக்காதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல் சத்தம், புகைக் குற்றத்துக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

மாற்றிய பலனைக் காதால் அளக்கக் கூடாது. சத்தம் கூடினால் வேகம் கூடியதாகத்தான் தோன்றும். ஆளில்லாத நேர் ரோட்டில் மூன்றாம் கியரில் 1500-லிருந்து 3500 வரை எத்தனை விநாடி என்று ஓபிடியில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) பதிவு செய்யுங்கள். போகும்போது மூன்று தடவை, வரும்போது மூன்று தடவை, அதே ஆட்கள், அதே காலை நேரம். பைப் மாற்றுவதற்கு முன்பும் இதேபோல் எடுத்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். பிறகு 500 கிமீ ஓடியதும் ஃபிளேஞ்ச் (பைப்புகள் சேரும் தகட்டு இணைப்பு) போல்ட்டுகளை இன்ஜின் ஆறியபின் மறுபடி முறுக்கிவிடுங்கள்.