குடும்பிமலை: கிட்டப் போனால் குடும்பி இல்லை

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், கிரான் பக்கத்து ஆட்களுக்கு இந்த மலையைத் தெரியாமல் இருக்காது. ஏறினவர்கள்தான் குறைவு. நானே போன வைகாசியில்தான் போனேன். மாரியில் நினைக்கவும் வேண்டாம். வெள்ளம் வந்தால் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போய்விடும், அப்புறம் தோணிதான்.

கூட்டாளியின் மாமாவுக்கு அந்தப் பக்கம் மாட்டுப்பட்டி இருக்கிறது, அவர்தான் வழி காட்டினார். போகிற வழியில் பேரில்லாவெளி என்றே ஒரு ஊர் இருக்கிறது. அதற்குப் பேர் கிடைக்கவில்லை, மலைக்கு மூன்று பேர்! வெட்டவெளியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மாமா கையை நீட்டினார்: "அந்தா பாரு மனே, மயிரை அள்ளி உச்சியில முடிஞ்ச மாதிரி இல்லையா?"

அப்படியேதான் இருந்தது. கீழே காடு மூடிய மலை, அதன் மேல் மொட்டையாக ஒரு கல். (இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: குடும்பி என்றால் எங்கள் பக்கத்தில் குடுமி. குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

கிட்டப் போகப் போக அந்த உருவம் கலைந்துவிட்டது. அடிவாரத்தில் நிமிர்ந்து பார்த்தால் வெறும் பாறையும் பற்றையும். இந்தப் பேரை வைத்தவர் மலையேறியவராக இருக்க முடியாது, தூரத்தில் மாட்டோடு நின்றவர்தான் என்று எனக்குப் படுகிறது. வெள்ளைக்காரனுக்கு அது ஒரு பிரபுவின் தொப்பியாகத் தெரிந்திருக்கிறது, 'பேரன்ஸ் கேப்' என்று வைத்தான். சிங்களத்தில் தொப்பிகல. 2007 ஜூலையில் இராணுவம் புலிகளிடமிருந்து இதைப் பிடித்தபோது செய்தி முழுக்க அந்தப் பேர்தான். கொழும்பில் குடும்பிமலை என்று சொன்னால் இன்றைக்கும் பலருக்கு விளங்காது.

வாழைச்சேனையிலிருந்து ஒருவர்:
உயரம் 500 மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் விடியவே ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறையில் கை வைக்க முடியாது. பாதையில் ஈரம் காயாத யானை லத்தி கிடந்தால் வீரம் காட்டாமல் திரும்பிவிடுங்கள். நாங்கள் திரும்பினோம். உச்சியை இன்னும் பார்க்கவில்லை.

சித்தாண்டியிலிருந்து ஒருவர்:
மாட்டோடு நின்றவர் வைத்த பேர் என்பது சரியாகத்தான் இருக்கும். மயிலத்தமடுப் பக்கம் பட்டி வைத்திருந்தவர் எங்கள் அப்பா. காட்டுக்குள் மாடு தேடிப் போனால் குடும்பி எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்துத்தான் திரும்பி வருவார். 2023இல் மேய்ச்சல் தரையைக் கேட்டுப் பண்ணையாளர்களின் போராட்டம் தொடங்கியபின் அவர் அங்கே போவதில்லை. அந்தப் பக்கமிருந்து எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள், அப்பாவிடம் காட்ட வேண்டும்.