மீன் வறுத்தா பெட்ரூம் வரைக்கும் நெடி போகுதா? கனடாவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு

டொரன்டோ, மிசிசாகா பக்கம் அபார்ட்மென்ட்டுக்கு வந்தவங்க முதல் குளிர்காலத்துலயே கேக்குற கேள்வி இது, ஜன்னல தொறக்க முடியல, ஒரு தடவ மீன் வறுத்தா கிளாசெட்ல தொங்குற ஜாக்கெட் வரைக்கும் ஏறிடுது, அதப் போட்டுட்டு பஸ்ல ஏறவே கூச்சமா இருக்குன்னு. சாம்பிராணி, ஸ்ப்ரே எல்லாம் வேஸ்ட் மக்களே, மீனோட மல்லிகையும் சேந்து இன்னும் கொடும. வீட்டுக்குள்ள காத்து எங்க நுழைஞ்சு எங்க வெளிய போகுதுன்னு பாருங்க.

அடுப்புக்கு மேல இருக்குற ஹூட் நம்ம ஊரு சிம்னி மாதிரி புகைய வெளிய தள்ளும்னு நம்பிடாதீங்க. நெறைய வீட்ல அது உறிஞ்சத உங்க மூஞ்சிக்கே திருப்பி விடும். ஃபேன போட்டுட்டு ஹூட்டோட மேல் விளிம்புல கைய வைங்க, காத்து அடிச்சா அந்த டைப்தான். கம்பி வலை எண்ணெய மட்டும்தான் புடிக்கும், நெடிய புடிக்கிறது உள்ள இருக்குற கரி ஃபில்டர், அது இருக்கா, எப்ப மாத்துனாங்கன்னு பில்டிங்க பாத்துக்குற சூப்பரிண்டெண்ட் கிட்ட கேளுங்க.

வெளிய தள்ளுற ஹூட்டா இருந்தா கிச்சன் ஜன்னல சாத்திட்டு பெட்ரூம் ஜன்னல ரெண்டு விரல் அளவு தொறங்க. கேக்க தலைகீழா இருக்கும், ஆனா அப்பதான் நல்ல காத்து பெட்ரூம்லேர்ந்து கிச்சனுக்கு ஓடும். கிச்சன் ஜன்னல தொறந்து எதிர்காத்து அடிச்சா மொத்த நெடியும் உள்ளதான் போகும். கரி ஃபில்டர் டைப்னா பாத்ரூம் ஃபேன ஓட விடுங்க, அதுக்கு முன்னாடி ஃபேன் ஓடும்போது ஒரு டிஷ்யூவ அதுல வச்சுப் பாருங்க, கீழ விழுந்தா அது சத்தம் மட்டும்தான் போடுது. மெயின் டோர் அடில துண்ட சொருகாதீங்க, நெறைய பில்டிங்ல காரிடார் காத்து உள்ள வர வழியே அந்த இடுக்குதான்.

தனி வீடு, பேஸ்மென்ட்னா கத வேற. ஃபர்னஸ்னா வீட்டையே சூடாக்குற மெஷின், அது வீட்டுக் காத்த திரும்ப உறிஞ்சுற ஜன்னல் மாதிரி கம்பி மூடி (ரிட்டர்ன் கிரில்) கிச்சன் பக்கம் இருந்தா தாளிப்பு நெடிய அதுவே உறிஞ்சி எல்லா ரூமுக்கும் பிரிச்சுக் குடுத்துடும், மேல வறுக்குறது கீழ இருக்குறவங்களுக்கும் வரும். கேஸ் ஹீட்டர் இருக்குற வீட்ல எல்லாத்தையும் அடைச்சுட்டு பெரிய ஹூட்ட ஓட்டாதீங்க, சில ஹீட்டரோட புகை வெளிய போகாம உள்ள திரும்பும், ஒன்டாரியோல அந்த மாதிரி வீட்ல சிஓ (கார்பன் மோனாக்சைடுங்குற விஷ வாயு) அலாரம் கட்டாயம்.

அப்புறம் சமைக்காத நாள்லயும் சாக்கடை நாத்தம் வருதுன்னா புழங்காத ஷவர் இல்லன்னா தரை டிரெய்ன்ல நாத்தத்த தடுக்குற தண்ணி காஞ்சிருக்கும், ஒரு பக்கெட் ஊத்துங்க, அப்பவும் போகலன்னா ஓனருக்கு ஃபோன் பண்ணுங்க.