கோடி காட்டுவதும் பொடி வைப்பதும் ஒன்றா?

கேள்வி:
கட்டுரை ஒன்றைச் செப்பனிடுகிறேன். கோடி காட்டினார், சூசகமாகத் தெரிவித்தார், பூடகமாகப் பேசினார், ஜாடையாகச் சொன்னார், பொடி வைத்துப் பேசினார் என ஐந்தும் 'மறைமுகமாகச் சொன்னார்' என்ற பொருளிலேயே மாறிமாறி வருகின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடலாமா? 'கோடி காட்டினார்' என்பது 'கோடிட்டுக் காட்டினார்' என்பதன் பிழை வடிவமா?

பதில் 1:
பிழை இல்லை, தயவுசெய்து திருத்திவிடாதீர்கள். கோடி என்றால் ஓரம், முனை. விஷயத்தின் முனையை மட்டும் காட்டி, மீதியைக் கேட்பவரின் ஊகத்துக்கு விடுவது கோடி காட்டுவது. 'அடுத்த கூட்டத்தை வேறொருவர் நடத்தக்கூடும் என்று சொல்லித் தன் விலகலைக் கோடி காட்டினார்.' கோடிட்டுக் காட்டுவதோ எல்லார் கண்ணிலும் படும்படி எடுத்துச் சொல்வது. மாற்றினால் பொருள் தலைகீழாகிவிடும்.

சூசகம் செய்தி நடைக்குப் பொருந்தும். வீட்டுப் பேச்சில் வைத்தால் ஒட்டாது. பூடகத்தில் மூடி மறைப்பதே மேலோங்கி நிற்கும். கேட்பவருக்குப் புரியாமல் போனாலும் அது பூடகம்தான்.

பதில் 2:
மற்ற இரண்டிலும் பெரும்பாலும் குத்தல் உண்டு. பொடி வைத்த வாக்கியம் மேலுக்குச் சாதாரணமாக இருக்கும், காரம் ஒரே இடத்தில் ஒளிந்திருக்கும். 'இன்றைக்காவது நேரத்துக்கு வந்தீர்களே' என்பதில் 'ஆவது'தான் பொடி. அதை எடுத்துவிட்டுப் படியுங்கள், வெறும் மகிழ்ச்சி மிஞ்சும். 'கூட', 'உம்' போன்ற இடைச்சொற்களும் இந்த வேலையைச் செய்யும். எழுத்தில் குரல் கேட்காது என்பதால், சொற்சிக்கனம் என்று இவற்றை வெட்டினால் குத்தலே போய்விடும்.

ஜாடைப் பேச்சில் சொல் ஒருவரிடம் போகும், அடி பக்கத்தில் இருப்பவர்மேல் விழும். 'சிலருக்கு எத்தனை முறை சொன்னாலும் உறைக்காது' என்பதுபோலப் பெயர் தவிர்க்கப்படும். இரண்டே பேர் இருக்கும் காட்சியில் 'ஜாடைமாடையாகத் திட்டினாள்' என்று வந்தால் சந்தேகப்படுங்கள். கண்ஜாடை வேறு, அதற்கு இருவர் போதும்.

பதில் 3:
'குறிப்பு' என்ற சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'குறிப்பால் உணர்த்தினார்' என்றால் மறைமுகம். 'குறிப்பாகச் சொன்னார்' என்றால் இன்று 'முக்கியமாக இதைச் சொன்னார்' என்றே படிப்பார்கள். ஓர் எழுத்துதான், கவனியுங்கள். யார் பக்கம் என்பதும் முக்கியம்: குறிப்பறிதல் பெறுபவர் வேலை, குறிப்பறிவுறுத்தல் தருபவர் வேலை. திருக்குறளில் முதலாவது 71, 110 என இரண்டு அதிகாரங்களுக்குத் தலைப்பு. மற்றது 128ஆம் அதிகாரம்.