கைபேசிக் கோபுரத்தை ஆறு வயதுக் குழந்தைக்கு எப்படி விளக்குவது?

கேள்வி:
வணக்கம். நாம் பேசுவது கோபுரத்துக்குப் போகும், கோபுரம் அதைப் பாட்டியின் கைபேசிக்கு அனுப்பும் என்று என் ஆறு வயது மகளிடம் சொல்லியிருந்தேன். பாட்டி வெகு தொலைவில் இருக்கிறாரே, நம் கோபுரத்துக்குப் பாட்டி வீடு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டுவிட்டாள். நான் சொன்னதில் எங்கே பிழை?

மறுமொழி 1:
நடுவழி முழுவதும் விடுபட்டிருக்கிறது. கைபேசி குரலை எண்களாக மாற்றி, ரேடியோ அலையில் ஏற்றி, பெரும்பாலும் அருகிலுள்ள கோபுரத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது மண்ணுக்கடியில் செல்லும் கண்ணாடி இழை வழியாகவோ, கோபுரத்தில் முரசு போலத் தெரியும் வட்டமான ஆன்டெனா வழியாகவோ இணைப்பகத்துக்குச் சென்று, பாட்டி வீட்டருகே உள்ள இன்னொரு கோபுரத்தை அடைந்த பிறகே அவருடைய கைபேசிக்குரிய அலையாகிறது. ஆகவே இரண்டு கோபுரங்களை வரைந்து காட்டுங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் குழந்தை அப்படிக் கேட்பதுதான் நியாயம்.

மறுமொழி 2:
பாட்டியின் கைபேசி சும்மா இருக்கும்போதும், வகுப்பில் "உள்ளேன் ஐயா" என்பதைப் போல, தான் இருக்கும் வட்டாரத்தை அவ்வப்போது தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. அழைப்பு வந்ததும் எல்லாக் கோபுரங்களும் அதைக் கூப்பிடும்.

மறுமொழி 3:
சிறு திருத்தம்: எல்லாக் கோபுரங்களும் அல்ல, கைபேசி கடைசியாகப் பதிவு செய்த வட்டாரத்தில் உள்ளவை மட்டுமே. அந்தக் கூப்பாடு அங்குள்ள பல கைபேசிகளுக்கு எட்டினாலும், தனக்குரிய அடையாளத்தைக் கண்ட கைபேசி மட்டுமே பதில் தரும். இதை விளையாட்டாகவே நடத்திக் காட்டலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பொம்மைகளை இரண்டு அறைகளில் வைத்து, பெயர் கூப்பிட்டு விளையாடினோம்; புரிந்துகொண்டாள். இப்போது, இத்தனை கோபுரங்கள் எதற்கு, மிக உயரமாக ஒன்றே ஒன்று போதாதா என்கிறாள்.

மறுமொழி 1:
ஒரு கோபுரத்துக்குக் கிடைக்கும் அலைவரிசைகள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒன்றையே நாடினால் இடம் போதாது. பரப்பைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து ஆங்காங்கே கோபுரம் வைத்தால், அதே அலைவரிசைகளை வேறிடத்தில் மீண்டும் பயன்படுத்தலாம். இன்னொன்று, கோபுரம் எவ்வளவு உரக்கப் பேசினாலும், 4ஜி கைபேசி பொதுவாக அதிகபட்சம் 0.2 வாட் அளவில் பேசும் மெல்லிய குரல் அதற்குக் கேட்க வேண்டுமே.