எந்தப் பக்கம் போவது? வடசென்னைத் திருநங்கைகள், திருநம்பிகளின் கழிப்பறை அனுபவங்கள்

தேரடி அக்கா:

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் காலையில் இட்லிக் கடை போடுகிறேன். விடியும் முன் அடுப்பைப் பற்றவைத்தால் வியாபாரம் முடியும்வரை நகர முடியாது. தண்ணீர்க் குடம் பக்கத்திலேயே இருக்கும், ஒரு வாய் குடிக்க மாட்டேன். குடித்தால் போக வேண்டி வருமே. எங்கள் ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் நாங்கள் சேர்ந்து குடும்பமாக வாழும் கூட்டத்தில், நீர்க்கடுப்பு வராத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பால் மாற்று ஆபரேஷன் முடிந்த புதிதில் இருக்கும் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம், அவர்களால் அடக்கவே முடியாது.

தீபாவளிக்குத் துணி எடுக்க எம்.சி. ரோடு போயிருந்தபோது ஒரு கட்டணக் கழிப்பறைக்குப் போனேன். வாசலில் இருந்தவர் காசை வாங்கிக்கொண்டு, "லேடீஸ் நிக்கிறாங்க, நீ அந்தப் பக்கம் போ" என்று ஆண்கள் பக்கம் கை காட்டினார். கூட்டம் சேர்ந்துவிடுமே என்று போனேன். உள்ளே கதவில் தாழ்ப்பாள் கிடையாது, ஆணியில் ஒரு கயிறு மட்டும். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் சேலை, கைப்பை பல்லில். வெளியே இருவர் சிரித்துக்கொண்டே கதவைத் தட்டினார்கள். வந்த காரியம் நடக்கவில்லை, அப்படியே வீடு திரும்பினேன்.

இன்னொரு நாள், வேறொரு இடம். பெண்கள் வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா திரும்பி, "எனக்குப் பின்னாடியே நில்லும்மா, யார் என்ன சொல்றாங்கன்னு பார்க்கிறேன்" என்றார். வரிசை அடங்கிவிட்டது. அந்த அம்மா யாரென்றுகூடத் தெரியாது. நல்லா இருக்கணும்.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் எங்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்த தீர்ப்பிலேயே, பொதுக் கழிப்பறை வசதி செய்து கொடுக்க அரசுகளுக்கு உத்தரவு இருக்கிறது. 2017இல் தூய்மை இந்தியா திட்டத்தின் வழிகாட்டுதல், ஆண்கள் பக்கமோ பெண்கள் பக்கமோ, எங்களுக்கு விருப்பமானதைப் பயன்படுத்த விட வேண்டும் என்றது. மற்றவர்கள் வந்துபோகும் பொது இடத்தில் எங்களை மட்டும் தடுத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்கிறது எங்கள் உரிமைகளைப் பாதுகாக்க வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அங்கே அவர் சொல்வதுதான் சட்டம்.

எங்களுக்கென்று தனிக் கழிப்பறை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஏரியாவுக்கு ஒன்று கட்டிவிட்டு, "உனக்குத்தான் அங்க இருக்கே" என்று மற்ற எல்லா வாசலிலும் துரத்துவார்களோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு வேண்டியது பெண்கள் பக்கத்தில் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, அவ்வளவுதான்.

பெரம்பூர்த் தம்பி:

அக்கா, அந்தத் தனிக் கழிப்பறைக்குள் நான் ஒரு தடவை நுழைந்தால் போதும், நான் திருநம்பி, பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவன் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். வேலை செய்யும் இடத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை இருக்குமா என்று சொல்ல முடியாது.

பார்சல் டெலிவரி வேலை, நாள் முழுக்க வண்டியில். ஆண்கள் பக்கம்தான் போவேன். நின்று போகும் இடம் வரிசையாக இருக்கும், கதவு உள்ள அறை ஒன்றோ இரண்டோ, அதிலும் ஒன்று பூட்டிக் கிடக்கும். மாதவிடாய் நாட்களில் நாப்கினைப் போட ஆண்கள் பக்கம் குப்பைத் தொட்டியே கிடையாது. பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்து வீடுவரை கொண்டுவருவேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அறை இருக்கும் இடத்தில் நிம்மதியாக மூச்சு விடலாம். நல்ல தாழ்ப்பாள், உள்ளேயே தண்ணீர். சக்கர நாற்காலியில் வருபவர் எனக்காகக் காத்திருக்கக் கூடாது என்று அவசர அவசரமாக வெளியே வந்துவிடுவேன்.

வியாசர்பாடியிலிருந்து:

நான் அந்த மேசையில் உட்காருகிறவள். கழிப்பறை கழுவுவதும் நான்தான். அக்கா சொன்ன சட்டம் எதையும் வேலைக்கு எடுத்தபோது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. யாரை விட வேண்டும், யாரை விடக் கூடாது என்று ஒரு காகிதம்கூடக் கொடுக்கவில்லை. யாராவது சத்தம் போட்டால் சூப்பர்வைசர் திட்டுவது என்னைத்தான்.

எங்கள் இடத்துக்குத் தினமும் ஒரு திருநங்கை வருவாங்க. டீ வாங்கிவந்து எனக்கும் பாதி ஊற்றிக் கொடுப்பாங்க. பெண்கள் பக்கம் கடைசி அறையில் தாழ்ப்பாள் நன்றாக இருக்கும், அதில் வாளி, துடைப்பம், பினாயில் எல்லாம் அடைத்து வைத்திருந்தோம். அதையெல்லாம் வெளியே எடுத்து வைத்தேன். இப்போது அவங்க அங்கேதான் போறாங்க. கைக்குழந்தையோடு வரும் பெண்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

புதிதாக வருபவர்கள் சண்டைக்கு வந்தால்தான் பிரச்சினை. நான் வாயால் சொன்னால் கேட்க மாட்டார்கள். "திருநங்கைகளும் திருநம்பிகளும் விரும்பும் பக்கத்தைப் பயன்படுத்தலாம்" என்று சுவரில் ஒரு போர்டு இருந்தால், அதைக் காட்டிவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குக் கூப்பிட்டு உடைந்த குழாயைச் சொல்வது போல, இந்த போர்டையும் கேளுங்கள். நான் கேட்டால் வேலைக்காரி கேட்கிறாள் என்று விட்டுவிடுவார்கள். வந்துபோகிற நீங்கள் நாலு பேர் கேளுங்கள்.