புதுப்பிப்பு: சுங்கை பூலோவுக்கு எந்த நேரத்தில் போவது?

சிங்கப்பூரில் புதிதாகக் குடியேறிய தம்பதிகளுக்காக, சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் வார இறுதிப் பறவை நோக்கல் பற்றி முன்பு எழுதிய பதிவுக்கு, "காலை ஏழு மணிக்கே போனோம், கரைப்பறவை ஒன்றுகூட இல்லை" என்று மறுமொழி வந்தது. அங்கே விடியலைவிட ஓதம்தான், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம்தான், முக்கியம். நீர் வற்றும்போது பவளக்காலி, உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் காப்பகத்துக்கு வெளியே சேற்றுத் திட்டுகளில் சிதறி மேயும். ஓதம் ஏறிச் சேறு மூழ்கியதும் காப்பகக் குளங்களில் வந்து ஒதுங்கும். ஆகவே அவை வலசை வரும் செப்டம்பர் முதல் மார்ச் வரை, ஓத அட்டவணை பார்த்து, உச்ச ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே, பறவை பார்ப்பதற்கென அமைத்த மறைவிடத்தில் உட்காருங்கள். 8×42 பைனாகுலர் போதும். ஏசி அறையிலிருந்து நேரே எடுத்து வந்தால் கண்ணாடியில் ஆவி படியும். அரை மணி முன்பே வெளியே வையுங்கள். நண்பர்களோடு போனால் நால்வருக்கு மேல் வேண்டாம், சத்தம் கேட்டால் பறவைக் கூட்டமே எழும்பிவிடும். முதலை தென்பட்டால் நெருங்காமல் மெல்லப் பின்வாங்குங்கள்.