மறுமொழி: ‘புராஜெக்ட் கார்கோ’வுக்குத் தமிழ் – நிறுவுசரக்கு?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

புராஜெக்ட் கார்கோ என்பது ஆலை, மின்நிலையம் மாதிரி ஒரு வேலைக்காகத் துண்டு துண்டாகப் போய்ச் சேர்கிற எந்திரமும் மற்ற பொருள்களும். அதற்கு என்ன தமிழ்ச் சொல் என்ற இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் ஏறக்குறைய எல்லாமே சரக்கின் பருமனைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நான் ராணிப்பேட்டையில், பிறருடைய சரக்கை லாரியிலும் கப்பலிலும் அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டிங் அலுவலகம் நடத்துகிறவன். இலக்கணத்தில் உங்கள் அளவுக்குத் தேர்ச்சி கிடையாது. ஆனால் இந்தச் சொல் ஏறப்போகிற பேக்கிங் லிஸ்ட்டும் டெலிவரி சலானும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> பெரிய பெரிய எந்திரங்கள் என்பதுதானே பொருள்? ‘பெருஞ்சரக்கு’ போதாதா?

போதாது ஐயா. எங்கள் ஊர் பெல் ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அனல்மின் நிலையத்துப் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கிற ஈ.எஸ்.பி. அங்கே தயாராகிறது. நிலையத்தில் நிமிர்த்திய பிறகு பார்த்தால் அடுக்குமாடிக் கட்டடம் மாதிரி இருக்கும். போகும்போது அது அப்படிப் போவதில்லை. தூண்கள் ஒரு லாரியில், சாம்பல் படிகிற நீளத் தகடுகள் கட்டுக்கட்டாக இன்னொன்றில், அடியில் தொங்கும் ஹாப்பர் (சாம்பல் விழும் தொட்டி) துண்டுகள் தனியாக, பீங்கான் இன்சுலேட்டர்கள் வைக்கோல் திணித்த மரப்பெட்டியில், போல்ட் நட்டெல்லாம் ஒருவர் தூக்கிவிடக்கூடிய சின்னப் பெட்டியில். அந்தச் சின்னப் பெட்டியும் புராஜெக்ட் கார்கோதான். சைட்டில் கிரேனை வாடகைக்கு நிறுத்தி, பாரத்தைக் கட்டித் தூக்கும் ரிக்கர்களும் கலாசிகளும் காத்திருக்கும்போது அந்தப் பெட்டி மட்டும் வந்து சேரவில்லை என்றால், சொந்தபந்தமெல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு தாலியைக் காணோம் என்கிற கதைதான். கிரேன் வாடகை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து போகிற ஷூ கன்டெய்னருக்கு இந்தச் சிக்கல் இல்லை. பத்தில் ஒன்று தாமதமானால் மீதி ஒன்பது கடைக்குப் போய் விற்கும். வாங்குகிறவர் கத்துவார், அவ்வளவுதான். இங்கே ஒரு துண்டு வராவிட்டால் வந்த துண்டுகளெல்லாம் வெயிலில் கிடக்கும் இரும்பு. வேறுபாடு எடையில் இல்லை, சேர்மானத்தில் இருக்கிறது.

மறுபக்கமும் பாருங்கள். 2018 இறுதியில் வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டிய ஒற்றைக்கல், சிலைக்காகப் பெங்களூருக்குப் புறப்பட்டதே, நினைவிருக்கிறதா? 240 டயர் வண்டி. பாலத்துக்குப் பக்கத்தில் தற்காலிகப் பாதை போட்டு, வழியில் கடைகளின் முகப்பை இடித்து, 2019 நடுவில்தான் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்து வடார்க்காட்டிலிருந்து (1989 வரை வந்தவாசி நம் மாவட்டம்தான்) அதைவிடப் பெரிய சரக்கு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் என் பார்வையில் அது புராஜெக்ட் கார்கோ இல்லை. ஒரு வண்டியில் ஏறிய ஒற்றைக்கல் அது, துண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்து ஆலையாக நிற்கிற சரக்கு இல்லை. பெருஞ்சரக்கு என்று சொன்னால் இந்தக் கல் உள்ளே வந்துவிடும், போல்ட் பெட்டி வெளியே போய்விடும். தலைகீழ்.

இது என் சொந்த வியாக்கியானம் இல்லை. சுங்கக் கட்டண அட்டவணையில் 9801 என்று ஒரு தலைப்பு உண்டு. அதற்கான விதிமுறைகள் 1986இல் வந்தவை. ஆலை, மின்நிலையம், பாசனம், சுரங்கம் மாதிரி ஒரு வேலைக்காக இறக்குமதியாகிற எந்திரம், உதிரிபாகம், நட்டு, குழாய் எல்லாவற்றையும் தனித்தனியே வகைபிரிக்காமல் ஒரே தலைப்பில் மதிப்பிடுவார்கள். அதற்கு ஒப்பந்தத்தை முன்கூட்டியே சுங்க அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். எவ்வளவு பெரிதானாலும் ஒற்றை எந்திரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓட்டல், மருத்துவமனை, போட்டோ ஸ்டுடியோவுக்கும் கிடையாது. ஆக, சட்டமும் பார்ப்பது சரக்கின் உருவத்தை அல்ல, அது எந்த வேலைக்குப் போகிறது என்பதை.

> ‘கனச்சரக்கு’ – எடையையும் குறிக்கும், கன அளவையும் குறிக்கும்.

அம்மா, இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான். ஏனென்றால் கப்பல்காரனும் இப்படித்தான் கணக்குப் போடுகிறான். ஆயிரம் கிலோ ஒரு டன், அல்லது ஒரு கன மீட்டர் ஒரு டன்; எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள ஒரு டக்ட் (காற்றுப் போகிற பெருங்குழாய்) துண்டு, தராசில் 15 டன் காட்டலாம். கப்பலில் அது 108 டன். உள்ளே இருக்கிற காற்றுக்கும் சேர்த்து டாலர் கட்டுகிறோம். புதிதாகத் தொழிலுக்கு வருகிற பையன்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். ‘கனடன்’ என்று ஒரு சொல் இருந்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். ஆகவே ‘கன’வை இந்தக் கட்டணக் கணக்குக்கும், மிகக் கனமான பாரத்தைத் தூக்குகிற ஹெவி லிஃப்ட்டுக்கும் ஒதுக்கி வைப்போம். இங்கே செலவழித்துவிட வேண்டாம்.

> நேரடியாகத் ‘திட்டச் சரக்கு’ என்று விட்டுவிடலாமே.

அகராதிப்படி தப்பே இல்லை. ஆனால் வாலாஜா டோல்கேட்டில் நின்று ‘திட்டச் சரக்கு ஏற்றிய வண்டி’ என்று சொல்லிப் பாருங்கள், சத்துணவு முட்டையா என்று கேட்பார்கள். நம் பக்கம் திட்டம் என்றாலே அரசுத் திட்டம். நூறு நாள் வேலையும் திட்டம், வீடு கட்டும் மானியமும் திட்டம். அந்தச் சொல்லை அரசாங்கத்திடமிருந்து இனிப் பிடுங்க முடியாது.

(சரக்கு என்றால் டாஸ்மாக்தான் நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். சரக்கு ரயில் ஓடுகிறது, சரக்கு மற்றும் சேவை வரி கட்டுகிறோம். அந்தக் கவலையை விட்டுவிடலாம்.)

என் பரிந்துரை ‘நிறுவுசரக்கு’. போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுவப்படப்போகிற சரக்கு. சைட்டில் எரெக்‌ஷன் என்று சொல்வதைத்தான் நிறுவுதல் என்கிறேன். கணினிக்காரர்கள் ‘நிறுவல்’ என்று எழுதி அந்த வினையைப் பழக்கிவிட்டார்கள். ஏவுகணை போல இதுவும் வினைத்தொகை, ஆகவே ‘நிறுவுச்சரக்கு’ என்று யாரும் ஒற்றுப் போட்டுவிட வேண்டாம். நிறுவிய, நிறுவுகின்ற, நிறுவும் என்று மூன்று காலமும் உள்ளே அடங்குவது இந்தத் தொழிலுக்கு இன்னும் வசதி. ஒரு ஆலையைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோகிற வேலையும் வரும். அது நிறுவிய சரக்கு, மறுபடி நிறுவும் சரக்கு. போல்ட் பெட்டி உள்ளே வருகிறது, கொரக்கோட்டைக் கல் வெளியே நிற்கிறது. எனக்கு அது போதும்.

ஒரு குறை சொல்லலாம்: வீட்டுக்கு வாங்கிய ஏ.சி.யும் நிறுவுகிற பொருள்தானே என்று. சரிதான். ஆனால் அதை யாரும் சரக்கு என்று சொல்வதில்லை, டெலிவரி என்கிறார்கள்.

அடுத்து ஓ.டி.சி., அதாவது ஓவர் டைமென்ஷனல் கார்கோ. இதற்குத்தான் பருமனைச் சொல்லும் சொல் வேண்டும். மோட்டார் வாகன விதிப்படி லாரியின் அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சுமை அதைத் தாண்டி வெளியே நீட்டினால் தனி அனுமதி, சிவப்புக் கொடி, முன்னால் பைலட் வண்டி எல்லாம் வேண்டும். ‘மீறளவுச் சுமை’ என்று வைக்கலாமா? சரக்கு என்று சொல்லாமல் சுமை என்பதற்குக் காரணம் உண்டு. அளவு மீறுவது பொருளின் தன்மையல்ல, வண்டியும் பொருளும் சேர்ந்த பிறகு வருவது. நம்மூரில் ஏற்கெனவே ‘லோடு’ என்றுதான் சொல்கிறோம்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஹைட்ராலிக் ஆக்சில் வண்டி (எண்ணெய் சிலிண்டரால் உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய பல சக்கர ட்ரெய்லர்) ஒரு மேம்பாலத்துக்கு அடியில் நுழைகிற நேரத்தில் பாருங்கள். சுமை உட்காரும் படுகையின் உயரம் சாதாரணமாக 1.2 மீட்டர். சுமை 4.2 மீட்டர் என்றால் மொத்தம் 5.4. பாலத்துப் பலகையில் 5.5 மீட்டர் என்று எழுதியிருக்கும். அதை நம்பி எந்த சூப்பர்வைசரும் போகமாட்டார். பலகை நட்டபிறகு தார் எத்தனை முறை போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? இழுத்துப்போகும் புல்லர் வண்டியை நிறுத்திவிட்டு, அந்த மொத்த உயரத்துக்கு வெட்டிய குழாய் ஒன்றை நிமிர்த்திப் பிடித்தபடி ஓர் ஆள் பாலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பான். குழாய் உரசினால் அச்சுகளின் சிலிண்டர்களிலிருந்து எண்ணெயைக் கொஞ்சம் வெளியே விட்டுப் படுகையை ஒரு முப்பது சென்டிமீட்டர் வரை கீழே இறக்குவார்கள். நடந்துபோகிறவன் வேகத்தில் வண்டி ஊர்ந்து வெளியே வந்ததும் மறுபடி ஏற்றிக்கொள்வார்கள். சுமையைக் கட்டிய செயின்களின் டர்ன்பக்கிள் திருகை ஒருவன் சுற்றிச் சுற்றி வந்து இறுக்குவான். இந்த ஏற்றி இறக்கும் வேலைக்குத் தமிழில் ஒரு சொல் கிடைத்தால் மகிழ்வேன். ‘மட்டமாற்று’ என்று ஒன்று தோன்றுகிறது, அவ்வளவாகத் திருப்தியில்லை.

கடைசியாக, எங்கள் தொழிலின் பெயர். ‘சரக்கு அனுப்புநர்’ வேண்டவே வேண்டாம். சலானில் அனுப்புநர் என்ற கட்டத்தில் சரக்குக்குச் சொந்தக்காரர் பெயர் இருக்க வேண்டும். அங்கே என் பெயர் விழுந்தால் சேதம், வரி, வழக்கு எல்லாம் என் தலையில். சரக்கும் என்னுடையதல்ல, கப்பலும் லாரியும் என்னுடையதல்ல. இடத்தைப் பிடித்துக் கொடுத்து, காகிதத்தைச் சரிபார்த்து, வண்டி போகும் வழியை முன்கூட்டியே அளந்து பார்க்கிற ரூட் சர்வே எடுத்து, வழி நெடுகப் பதில் சொல்வதுதான் என் வேலை. ‘கடத்துநர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். போர்டு மாட்டிய அன்றே போலீஸ் வரும். ‘சாத்துவர்’ என்று சொன்ன புலவர் ஐயாவுக்கு வணக்கம். வணிகச் சாத்தும் (சரக்கோடு பயணம் போன வணிகர் கூட்டம்) கோவலனின் தந்தை மாசாத்துவானும் எனக்கும் பெருமைதான். ஆனால் சாத்து என்றால் எங்கள் தெருவில் ஒன்று கதவைச் சாத்துவது, இல்லாவிட்டால் முதுகில் நாலு சாத்து. ‘சரக்கு ஏற்பாட்டாளர்’ என்பது அழகில்லை, ஆனால் பொறுப்பின் எல்லையைச் சரியாகச் சொல்கிறது. என் ஓட்டு அதற்கு.

நிறுவுசரக்கு, மீறளவுச் சுமை, சரக்கு ஏற்பாட்டாளர் மூன்றையும் அடுத்த லோடின் தமிழ் வழிக்குறிப்பில் போட்டு ஓட்டுநர்களிடம் கொடுக்கப் போகிறேன். அவர்கள் வாசித்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று இதே இழையில் எழுதுகிறேன். அதற்குள் ‘ரூட் சர்வே’க்கு யாராவது ஒரு சொல் கொடுங்கள், வழியாய்வு என்றால் ஆராய்ச்சிப் பட்டம் மாதிரி ஒலிக்கிறது.

ராணிப்பேட்டையிலிருந்து,
அன்புடன்